மாமாவை மாப்பிள்ளையாக்கிய கவுன்சில்

1

புத்தாண்டு விடுமுறை முடிந்து தபால்காரர் மறுபடி வரத் தொடங்கிய அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை வந்தது. அட்டையில் சில பலூன்கள், கண்ணாடி போட்ட ஒரு பூனை. அனுப்பியது நாங்கள் பிழைக்க வந்த இந்த வெள்ளைக்கார ஊரின் கவுன்சில், அதாவது நகராட்சி. அட்டை எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தர்சிகாவுக்கு. ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்த தர்சிகா நீடூழி வாழ வேண்டுமாம்.

தர்சிகா ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்கவில்லை. மாசி மகத்தன்று பிறந்தவள். கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள், நானும் சொன்னேன். அந்த நாள் வருடத்துக்கு வருடம் நகர்கிறதே, அது எப்படிப் பிறந்த தேதியாகும் என்று கவுன்சில்காரர்கள் கேட்டார்கள். உங்கள் ஈஸ்டர் மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். தேதிக்குக் காகிதம் காட்ட முடியாத பிள்ளைகளுக்கு ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவது இங்கே வழக்கமாம்.

நம் ஊரிலும் இந்தக் கூத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் மடத்துக்குளம் பக்கம் படித்தவர். பள்ளியில் சேர்க்க வயது பத்தவில்லை என்று தலைமை ஆசிரியர் தாமே ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். ஆனால் அந்த வாத்தியார் யாருக்கும் வாழ்த்து அட்டை அனுப்பி வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதில்லை.

உறைக்குள் அட்டையோடு இன்னொரு தாளும் இருந்தது. தர்சிகா அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்தத் தாளை வாங்குவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

பெரியவர்கள் யாரும் கூட இல்லாமல் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து சேரும் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு கவுன்சிலுடையது. சட்டப்படி கவுன்சில்தான் அந்தப் பிள்ளைக்குத் தாய், தகப்பன். திருப்பூரில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் புகார் கொடுக்கப் போகிறோமே, அந்த அலுவலகம் ஒரு பெண்ணுக்குப் பல் வலி என்றால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் போய் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குப்பை அள்ளுவதும் அவர்களே, பிள்ளை வளர்ப்பதும் அவர்களே.

நேரடியாக வளர்க்க முடியாதல்லவா, அதற்குத்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள். நாங்கள் பயிற்சி எடுத்து, வீட்டை அளந்து காட்டி, வளர்ப்புக் குடும்பம் என்று பதிந்து வைத்திருந்தோம். ஒரு நாள் மாலை தொலைபேசி வந்தது. நெடுஞ்சாலையோரம் லாரியிலிருந்து இறங்கிய ஒரு பெண், பதினாறு வயது என்கிறாள், தமிழ் பேசுகிறாள், நீங்களும் தமிழ்தானே என்றார்கள். சரியான பொருத்தம் என்று அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

வந்தவள் முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண். நான் வெள்ளகோவில்காரி. முதல் வாரம் நான் பேசியது அவளுக்குப் பாதி, அவள் பேசியது எனக்குப் பாதி. எதற்கும் "ஓம் அன்ரி" என்று தலையாட்டினாள். அப்பா இல்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், வளர்த்தது அம்மாவின் தம்பி என்பது மட்டும் மெல்ல மெல்லத் தெரிந்தது. அந்த மாமாதான் வயலை விற்று இவளை அனுப்பியிருக்கிறார். அனுப்பியதிலிருந்து அவர் போனில் கிடைக்கவில்லை. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் ஒரு தடவை அடித்துப் பார்ப்பாள். பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவாள்.

கவுன்சில் ஒன்றும் குறை வைக்கவில்லை. பஸ் பாஸ், குளிருக்குக் கோட்டு, ஆங்கில வகுப்பு எல்லாம் வந்தன. கூடவே விதிமுறைகளும் வந்தன. அவள் தலைக்கு நான் எண்ணெய் வைத்துவிட்டால் அதை அன்றாடக் குறிப்பில் எழுத வேண்டும். ஹெலன் என்ற சமூகப் பணியாளர் வாரம் தவறாமல் வருவார். நல்ல பெண்மணி, முறுக்கு என்றால் உயிர். அந்த நல்ல பெண்மணிதான் ஒரு நாள் மிக மென்மையான குரலில், தர்சிகாவின் வயதில் தங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது என்று சொன்னார். ஹெலனும் இன்னொருவரும் அவளிடம் பல நாள் கேள்வி கேட்டு முடிவு செய்வார்களாம். சின்னப் பெண் என்று முடிவானால் எங்களோடு இருக்கலாம், பள்ளிக்குப் போகலாம். பெரியவள் என்று முடிவானால் தெரியாத ஏதோ ஒரு நகரத்தில், முன்பின் தெரியாத பெரியவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் மகளின் பாதுகாப்பையும் யோசித்துத்தான் இதெல்லாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் மகள் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்குத் தர்சிகாவால் வந்த ஒரே ஆபத்து, குளியலறைக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததுதான்.

3

வயதைப் பற்றி இவர்கள் எனக்குச் சொல்லித்தருவதுதான் எரிச்சலாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். வேலையே வயது பார்ப்பதுதான். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் தொழிற்சாலையைச் சோதிக்க, அதாவது ஆடிட்டுக்கு, ஆள் அனுப்புவார்கள். தொழிற்சாலையில் சின்னப் பிள்ளைகள் இல்லை என்பதை அவர்களுக்கு நிரூபித்துக் காட்டுவது என் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஆதார், பள்ளிச் சான்று, அதுவும் இல்லையென்றால் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டி வாங்கிய சான்று என்று ஃபைல் வைத்திருந்தேன்.

ஒரு தடவை இதே நாட்டிலிருந்து வந்த ஆடிட்டர் செக்கிங் மேசை முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அங்கே இசக்கியம்மாள் நின்றிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள், ஆள் குள்ளம், ஒல்லி. இது குழந்தை என்றார் ஆடிட்டர். ஆதாரைக் காட்டினேன். காகிதம் எதை வேண்டுமானாலும் சொல்லும் என்றார். இசக்கியம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

"எம் மவன் மூணாங் கிளாஸ் படிக்கான். என்னயப் போயி சின்னப் புள்ளங்கியளே, நல்லாருக்கா?" என்றாள்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆடிட்டர் அசையவில்லை. கடைசியில் அவள் புருஷன் லைன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிவந்தான். பட்டுப் புடவை, மாலை, நெத்திச்சுட்டி, பக்கத்தில் மாலையோடு ஒரு ஆண். ஆடிட்டரின் முகம் தெளிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆள் சின்னதாகத் தெரியும் கல்யாணமான பெண்கள் எல்லோருடைய ஃபைலிலும் ஒரு கல்யாணப் போட்டோவைச் சேர்த்துவிட்டேன். அடுத்து வந்த ஆடிட்டர்கள் வேறெதையும் பார்க்காமல் அந்தப் போட்டோவைப் பார்த்தே டிக் அடித்துக்கொண்டு போனார்கள்.

அங்கே பெரியவளைப் பார்த்துச் சின்னவள் என்றார்கள். இங்கே சின்னவளைப் பார்த்துப் பெரியவள் என்கிறார்கள். இவர்களுக்கு நம் பெண்களைப் பார்த்தால் என்னதான் தெரிகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

4

விசாரணை நடக்கும்போது என்னை உள்ளே விடவில்லை. வளர்ப்பவர் ஒருபக்கமாகப் பேசுவாராம். அவளுக்குத் துணையாக ஒரு தொண்டு நிறுவனத்து அம்மாள் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், அதுவும் ஒரு ஆண். என்னிடம் தனியாகக் கருத்துக் கேட்டார்கள். விளக்கை அணைத்தால் தூங்க மாட்டாள், நிலாவோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவாள், சின்னப் பெண்ணேதான் என்று சொன்னேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டதோடு, தர்சிகா தானாகவே சோறு வடிக்கிறாள், துணி மடிக்கிறாள், இது வயதுக்கு மீறிய முதிர்ச்சி என்றும் எழுதிக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் நம் பக்கத்தில் ஆறாங்கிளாஸ் படிக்கும் பெண்கள் எல்லோரும் பெரிய மனுஷிகள்தான். என் மகளுக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது, அவள் சாகும்வரை இந்த நாட்டில் குழந்தையாகவே இருக்கலாம்.

கடைசி அமர்வில் முடிவை முன்கூட்டியே சொல்லி, உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். அன்று தர்சிகா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன கண்ணு என்று கேட்டேன்.

"எனக்குக் கலியாணம் முடிஞ்சுதாம் அன்ரி. மாமாவோடயாம்" என்றாள்.

அவள் போனில் ஒரு படம் வைத்திருந்தாள். அவர்களுக்குக் காட்டினாள், வேறு எதுவும் அவளிடம் இல்லை. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, நெத்திச்சுட்டி, கழுத்தில் ஆளுயர மாலை. மாலையைப் பிடித்தபடி பக்கத்தில் மாமா. எங்கள் ஊரில் அதைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். நாங்கள் தெரட்டி என்போம், மஞ்சள் நீராட்டு என்போம், அவர்கள் பக்கம் சாமத்தியச் சடங்கு. வயதுக்கு வந்த பெண்ணை அலங்கரித்து உட்கார வைக்கும் விழா. மாமன் மாலை போடாமல் அது நடக்காது.

அது என்ன விழா என்று ஹெலன் கேட்டிருக்கிறார். தொலைபேசியில் முகம் தெரியாத ஒரு ஆண்பிள்ளைக் குரலிடம் அந்தப் பெண் எதைச் சொல்வாள்? சடங்கு என்றாள். பக்கத்தில் யார்? மாமா. அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது. மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். தமிழர்களிடையே தாய்மாமனை மணப்பது வழக்கம், வளர்ப்புக் குடும்பமும் இதை உறுதி செய்திருக்கிறது, ஆகவே இவள் கல்யாணமான பெரியவள் என்று அறிக்கையில் இருந்தது.

வளர்ப்புக் குடும்பம் என்றால் யார்? என் வீட்டுக்காரர்தான். முன்பு ஒரு நாள் ஹெலன் கூடத்தில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லப்போக, இவர் தொடங்கிவிட்டார். நாங்கள் சொந்தத்தில் கட்டினவர்கள், இவள் எனக்கு அத்தை மகள், எங்கள் பக்கம் பெண்ணுக்கு மாமன் வீட்டுக்குத்தான் முதல் உரிமை, அந்தக் காலத்தில் மாமனே கட்டிக்கொள்வதும் உண்டு என்று வரலாறே நடத்தினார். வாயை அடைக்க முறுக்குத் தட்டை நீட்டினேன், முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசினார். எங்கள் பக்கமே அது பழங்கதை. தர்சிகாவின் பக்கத்தில் மாமன் என்றால் தகப்பன் ஸ்தானம், அப்படி ஒரு பேச்சை வாயில் எடுக்கவே கூசுவார்கள். கொங்கு நாட்டுக் கவுண்டர் வீட்டு அரட்டையைக் கொண்டுபோய் முல்லைத்தீவுப் பெண் தலையில் கட்டிவிட்டார்கள்.

"உங்களுக்கு எதுக்குங்க அந்த ஊர்ப் பேச்சு? வர்றவங்ககிட்ட எல்லாம் வம்சாவளி படிக்கோணுமா?" என்று அன்று சமையலறையில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒரு மரியாதைக்குப் பேசுனனுங்க. அவ எழுதி வெப்பான்னு நான் கண்டனா?" என்றார். இருபக்கமும் கோபம் வந்தால் எங்கள் வீட்டில் ங்க போட்டுத்தான் சண்டை போடுவோம்.

தர்சிகா விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே வேண்டுமானாலும் அனுப்பட்டும், மாமாவைப் பற்றி அப்படி எழுதியதை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று அவள் மாமாவுக்குப் போன் அடித்துப் பார்க்கவும் இல்லை. அந்த எண்ணைத் தொடவே அவளுக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

5

ஹெலனைக் கூப்பிட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். உங்கள் பண்பாட்டுப் பார்வையைக் குறித்துக்கொள்கிறேன், ஆனால் ஆதாரம் ஏதாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் கொடுங்கள் என்றார்.

ஆதாரம் எங்கள் வீட்டிலேயே இருந்தது, பள்ளிச் சீருடையில் எதிரே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு. போன வருடத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில் திருப்பூர் போனபோது நிலாவுக்குத் தெரட்டி சீர் நடத்தினோம். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. என் தம்பி அங்கே பவர்டேபிள் என்ற தையல் மெஷின்கள் போட்டுப் பனியன் தைத்துக் கொடுப்பவன். அக்கா மகள் சீர் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தான், ரோஜா மாலை போட்டான். அதோடு நிறுத்தினானா? காங்கேயம் ரோட்டில் ஆளைவிடப் பெரிதாக ஒரு பேனர் கட்டினான். நடுவில் நிலா, சுற்றிலும் சொந்தக்காரர்கள் தலை.

தான் வயதுக்கு வந்த சேதியை ஊருக்கெல்லாம் ரோட்டில் மாட்டி வைத்திருப்பதை நிலா காரிலிருந்து பார்த்தாள். இறங்கவே மாட்டேன் என்று அழுதாள். இந்த ஊருக்குத் திரும்பியதும் என் போனிலிருந்த படங்களையெல்லாம் அவள் கண் முன்னால் அழிக்க வைத்தாள். இனி யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அதன் பிறகு அவள் மாமனோடு பேசியதே இல்லை. வீடியோவில் அவன் முகம் வந்தால் எழுந்து போய்விடுவாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் ஒற்றைச் சொல்லில்.

தம்பியிடம் படத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை இன்னொரு பெண்ணுக்காக உடைப்பதா என்று நான் தவித்தேன். கேட்டுப் பார்க்கலாமே என்றால் கேட்கவும் பயம். மெதுவாகப் பேசுவதாக நினைத்து நாங்கள் சமையலறையில் பேசியது கூடத்திலிருந்த நிலாவுக்குக் கேட்டிருக்கிறது.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் நிலா தன் அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே என் தம்பியை வீடியோவில் கூப்பிட்டாள்.

"மாமா, அந்த போட்டோஸ் எல்லாம் அனுப்புங்க. ரோட்ல வச்ச பேனரும்."

அங்கே மெஷின் சத்தம் நின்றது. "எந்த போட்டோ கண்ணு? உன்ற சீர் போட்டோவா? அதையெல்லாம் அக்கா அழிக்கச் சொல்லுச்சே."

"நீங்க அழிச்சீங்களா?"

"மாமன் எங்காச்சும் அழிப்பனா சாமி?"

துணி எடுத்து வைக்கப் போனவள் மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். மருமகள் பேசிவிட்ட மகிழ்ச்சியில் அவன் ஆல்பம் முழுவதும், பேனரும், பாட்டுப் போட்ட வீடியோவும் அனுப்பினான். எல்லாம் வந்து சேர்வதற்குள் வீட்டு இணையம் திணறிப்போயிற்று.

ஹெலன் வந்தபோது நிலாவே டேப்லெட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். இது நான், இது என் மாமா, எனக்கு அப்போது பதினொரு வயது, என் பிறந்த தேதி உங்களுக்கே தெரியும் என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். எனக்கு மாதவிலக்கு வந்தது என்பதற்காக மணப்பெண் வேஷம் போட்டார்கள், ஊரைக் கூட்டினார்கள், ரோட்டில் தொங்கவிட்டார்கள், அம்மா அப்பா யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் கடைசியில் தர்சிகாவின் படத்தைத் தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே புடவைக்கட்டு, ஒரே சுட்டி, ஒரே மாதிரி மாலை, பக்கத்தில் ஒரே மாதிரி அசட்டுச் சிரிப்போடு ஒரு மாமன். அவளைப் பெரியவள் என்றால் நானும் பெரியவள்தான், என்னையும் அந்த விடுதிக்கு அனுப்புங்கள் என்றாள்.

ஹெலன் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் முறுக்கைத் தொடவில்லை.

6

தர்சிகா சின்னப் பெண்தான் என்று சில வாரம் கழித்து முடிவு வந்தது. எங்களோடு இருக்கலாம், பள்ளிக்குப் போகலாம். பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாததால் ஜனவரி ஒன்று. நான் அழுதேன், வீட்டுக்காரர் கேசரி கிண்டினார். தர்சிகா ஹெலனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். அந்த வரியை அழிப்பீர்களா?

அழிக்க முடியாதாம். பதிவில் ஏறியது ஏறியதுதான். பக்கத்தில் வேண்டுமானால் ஒரு திருத்தக் குறிப்பு சேர்க்கலாம், அவள் சொல்கிறபடியே எழுதலாம் என்றார் ஹெலன். ஒரு பொய்யை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றும் அலுவலகத்தை நான் பார்த்ததே இல்லை.

தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட ஹெலன் போனை எடுத்தார். தர்சிகா வேண்டாம் என்று தலையசைத்து நிலாவைப் பார்த்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு இடத்தில் அர்த்தம் புரியாமல் என்னைக் கேட்டாள். ஹெலன் எழுதிக்கொண்டார்.

பூனை அட்டையோடு வந்தது அந்தக் குறிப்பின் நகல்தான். தர்சிகா அதை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாள். நேற்றுத் துணி வைக்கப் போனபோது படித்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இவர் என் அம்மாவின் தம்பி. என்னை வளர்த்தவர். எனக்கு மாலை போட்டவர் இவர், என்னை இங்கே அனுப்பியவரும் இவர். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

கவுன்சில் அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. பூனை படம் போட்ட அட்டையைத்தான் அனுப்பியிருக்கிறது.